‘நீ என்ன பிரீடு?’

“அண்ணே, பிரீடுன்னா தமிழ்ல என்ன?”

நம் சனிக்கிழமை வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறான். அர்த்தம் தெரியாமல் அவன் கேட்கவில்லை. அவன் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பையன் திமில் உயர்ந்த காளைப் படம் ஒன்றைப் போட்டு, ‘நாங்க ஒரிஜினல் பிரீடு’ என்று எழுதியிருக்கிறான். அதற்குக் கீழே இன்னொருவன் ‘சில பேரு என்ன பிரீடுன்னே தெரியல’ என்று சிரிப்புப் பொம்மை வைத்திருக்கிறான். பெயர் சொல்லவில்லை. அந்தக் குழுவில் யாரைச் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தம்பிக்குத் தேவைப்பட்டது அகராதிப் பொருள் இல்லை, திருப்பிக் கொடுக்க ஒரு பதில். அன்றைக்குக் குச்சனூரில் கோயில் கூட்டம், பேருந்துச் சத்தம். சரியாகப் பேச முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லையே பிடிப்போம். ஆங்கிலத்தில் ‘பிரீட்’ என்றால் குட்டி போடுவது, முட்டையிட்டுப் பெருகுவது. ஆடு மாடு நாய்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்து வளர்ப்பதும் பிரீட்தான். அப்படி வளர்த்து எடுத்த வகைக்கும் அதே பெயர். கொசு பெருகுவதற்கும் அதே சொல். ஏழைகள் பிள்ளை பெற்றால் சில பெரிய மனிதர்கள் வாயில் அதே சொல் வரும், முகம் சுளித்தபடி. இரண்டு இனத்துக்குப் பிறந்தவனை ‘அரை பிரீடு’ என்று வெள்ளைக்காரன் வைதான். நல்ல குடும்பத்தில் நயமாக வளர்ந்தவனை ‘வெல் பிரெட்’ என்று மெச்சினான். குட்டி போடுவதும் இதுதான், நாகரிகமாக நடந்துகொள்வதும் இதுதான். ஒரு சொல் இத்தனை வேலை பார்க்கும்போது கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது.

இதன் வேர் இன்னும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் இதற்கு அடைகாத்தல், சூடு கொடுத்துக் குஞ்சு பொரித்தல் என்று பொருள். கோழி அடைகாப்பதைச் சொல்கிற ‘புரூட்’ என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆக, இந்தச் சொல்லின் அடியில் ரத்தம் கிடையாது, விந்து கிடையாது, வம்சம் கிடையாது. இறக்கைக்கு அடியில் இருக்கும் கதகதப்புதான் இருக்கிறது. குச்சனூர்க்காரர்களுக்கு நான் இதை விளக்கவே வேண்டாம். சனீஸ்வரன் வாகனம் என்று நாம் எள்ளுச்சோறு வைக்கிற காகம், தன் கூட்டில் குயில் இட்டுவிட்டுப் போன முட்டையையும் சேர்த்துத்தான் அடைகாக்கிறது. குஞ்சு வாய் திறந்து கூவுகிறவரை அது யார் பிள்ளை என்று காகம் கேட்பதில்லை.

அந்த வாட்ஸ்அப் பையனின் பெருமை முழுவதும் இந்த ஒரு குழப்பத்தில்தான் நிற்கிறது. வளர்ப்பால் வந்ததை எல்லாம் பிறப்பால் வந்தது என்று அவன் நினைக்கிறான். நம் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். முல்லைப் பெரியாறு அணை 1895-இல் கட்டி முடிக்கப்பட்டது. அந்தத் தண்ணீரை நம்பிக் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிற்கிறது. அந்த வயலுக்குச் சொந்தக்காரர்களில் நம் தெருவைச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? நாற்று நட்டு, களையெடுத்து, கதிரறுத்தவர்களில் எத்தனை பேர்? ஒரு வீட்டில் நான்கு தலைமுறை நெல்லும் பாலும் புத்தகமும் இருந்தன. இன்னொரு வீட்டில் நான்கு தலைமுறை கூலியும் கஞ்சியும் இருந்தன. முதல் வீட்டுப் பையன் உயரமாக, கணீர்க் குரலோடு, யாருக்கும் தலைகுனியாமல் நடந்தால் அதற்குப் பெயர் ‘பரம்பரை ரத்தம்’. இரண்டாம் வீட்டுப் பையன் படித்து அதே மாதிரி நடந்தால் ‘திமிரு’. தண்ணீர் வாய்க்காலில் பாய்கிறது, இவன் அதை ரத்தத்தில் தேடுகிறான்.

‘ஆண்ட பரம்பரை’ பனியன்களைப் பற்றி நான் தனியாக எழுதத் தேவையில்லை. எல்லாச் சாதியும் ஆண்டிருந்தால் ஆளப்பட்டது யார் என்று ஒருவராவது கேட்க வேண்டாமா?

இதெல்லாம் ஆங்கிலச் சொல்லின் கோளாறு, தமிழ் சுத்தம் என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம். சந்தையில் போய் நின்று பாருங்கள். ‘நல்ல சாதி மாடு’ என்பார்கள். தெருநாய்க்கு எதிர்ச்சொல் ‘சாதி நாய்’. பிரீடுக்குத் தமிழில் என்ன என்று தம்பி கேட்டானே, அதற்கு நேர்ச்சொல் அவனுடைய சான்றிதழிலேயே அச்சாகி இருக்கிறது. சாதி என்ற சொல்லே பிறத்தல் என்ற பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வந்ததுதான். கன்று ஈனுவதைச் சொல்லும் ‘ஈன்’ என்ற அழகான தமிழ் வினைக்குப் பக்கத்தில், ஒலியில் ஒட்டிக்கொண்டு, ‘ஈனப்பிறவி’ என்ற வசவும் வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த ‘ஈனம்’ வேறு வேர், வடமொழி. ஆனால் வைகிறவன் வேர் பார்த்தா வைகிறான்?

தொல்காப்பியத்தில் மரபியல் என்றொரு பகுதி உண்டு. தமிழ் இலக்கியம் படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியும். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று இளமைப் பெயர்கள் ஒன்பதை அது சொல்கிறது. எதன் குட்டியை எப்படி அழைப்பது என்று வகுக்கிறது. அதே மரபியலில்தான் அந்தணர், அரசர், வைசிகர், வேளாண் மாந்தர் என்று மனிதர்களுக்கும் உரிமை பிரித்துக் கொடுக்கும் நூற்பாக்கள் வருகின்றன. அவை பிற்காலத்தில் செருகப்பட்டவை என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு. இருக்கட்டும். செருகியவன் எந்த இடத்தைத் தேடிப் பிடித்துச் செருகினான் என்பதைக் கவனியுங்கள். விலங்கின் குட்டிகளை வகை பிரிக்கும் இயல்தான் அவனுக்கு மனிதர்களை வகை பிரிக்கவும் வசதியாக இருந்திருக்கிறது.

இப்போது மாட்டுக்கே வருவோம். காளைப் படம் போட்டவனுக்கு மாட்டை வைத்தே பதில் சொல்லலாம்.

நம் பக்கம் மாட்டுக்குப் பஞ்சமில்லை. மேகமலை அடிவாரத்தில் கிடை போட்டு மேய்க்கிற மலைமாடுகள் இருக்கின்றன. மதுரைப் பக்கத்துப் புளிக்குளம் மாடுகள் இருக்கின்றன. கம்பத்தில் தம்பிரான் மாட்டுத்தொழு இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று அங்கே மாட்டையே சாமியாகக் கும்பிடக் கூட்டம் கூடும். குச்சனூர் ஆற்றுக்கே சுரபி என்று ஒரு பெயர், தேவலோகப் பசுவின் பெயர். இந்த மாட்டு இனங்கள் எப்படி உண்டாயின? வானத்திலிருந்து விழவில்லை. எந்தக் காளை பொலிகாளை என்று மனிதன் முடிவு செய்தான். மற்றவற்றைக் காயடித்தான். எந்தப் பசு எந்தத் தொழுவில் நிற்க வேண்டும், எந்தக் காளையிடம் போகக் கூடாது என்று கயிறும் வேலியும் போட்டான். தலைமுறை தலைமுறையாக அதைச் செய்தான். வேலியைப் பத்து வருடம் திறந்துவிட்டால் ‘ஒரிஜினல் பிரீடு’ காணாமல் போகும். அதாவது இனம் என்பது மாட்டின் குணம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அது வேலி போட்டவனின் வேலை. நல்ல கிடைக்காரருக்கு இன்னொன்றும் தெரியும். ஒரே காளையை அதன் வாரிசுகளோடே சேரவிட்டால் கன்று சோங்கிப்போகும் என்று வெளியூர்க் காளையைக் கொண்டுவருவார். மாடு மேய்க்கிறவருக்கு இருக்கும் இந்தப் புத்தி, சாதிச் சங்கத் தலைவருக்கு இல்லை.

இடையில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். உயிரோடு இருக்கும்வரை மாட்டுக்குக் குலப்பெருமை, பொட்டு, மாலை. செத்தபிறகு அதைத் தூக்க, தோலுரிக்க ஆள் எந்தத் தெருவிலிருந்து வர வேண்டும் என்று ஊருக்குத் தெரியும். 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத்தான் நம் சகோதரர்களைக் காரில் கட்டி வைத்து அடித்தார்கள். செத்த மாட்டைத் தூக்குவதை விட்டொழியுங்கள் என்று 1927-இல் மகாத் காலத்திலேயே அம்பேத்கர் நம்மிடம் சொன்னார். உனா அடிக்குப் பிறகு குஜராத் மக்கள் செத்த மாடுகளை மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்களே, அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள்.

வேலிக்குத் திரும்புவோம். 1916 மே 9, நியூயார்க், கொலம்பியா பல்கலைக்கழகம். இருபத்தைந்து வயது மாணவர் ஒருவர் மானுடவியல் கருத்தரங்கில் ‘இந்தியாவில் சாதிகள்’ என்று கட்டுரை படிக்கிறார். சாதி எதனால் நிற்கிறது என்று அவருக்கு முன் எழுதியவர்கள் தொழில், தீட்டு, இனம் என்று பலவற்றைச் சொல்லியிருந்தார்கள். அம்பேத்கர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஒன்றைப் பிடித்தார்: அகமணம். தன் கூட்டத்துக்குள்ளேயே கட்ட வேண்டும் என்ற விதி. அந்த வேலி இருந்தால் சாதி இருக்கும், அது போனால் சாதி போகும். அந்த வேலியைக் காக்க என்ன செய்தார்கள் என்று அடுத்துக் கணக்குப் போட்டார். கணவன் செத்தால் அவள் ‘உபரி’. அவளை உயிரோடு எரித்தார்கள், அல்லது மொட்டையடித்து மூலையில் வைத்தார்கள். பெண்டாட்டி செத்தவனுக்குச் சின்னப் பெண்ணைக் கட்டிவைத்தார்கள். உடன்கட்டை, விதவைக் கோலம், குழந்தை மணம் மூன்றும் பக்தி இல்லை, எண்ணிக்கை சரிசெய்யும் வேலை என்று அவர் காட்டினார். கட்டுரை ஒரு மாட்டுக்காரரின் கணக்கு மாதிரி இருக்கும், அத்தனை நேரடியாக.

இதைப் படிக்கும்போது நம் தங்கைகள் நிமிர்ந்து உட்கார வேண்டும். பிரீடு என்று மீசை முறுக்குகிறவன் யாராக இருந்தாலும், வேலி போடப்படுவது ஒரு பெண்ணைச் சுற்றித்தான். இந்த வட்டாரத்தில் வாரிசு என்றால் ஆண் என்று எண்ணிப் பெண் குழந்தைகளைக் கொன்ற கதையை யாரும் மறைக்க முடியாது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தேனி மாவட்டத்துக்கும் வந்தது, காரணமில்லாமல் வரவில்லை. பிழைத்து வளர்ந்தவள் தனக்குப் பிடித்தவனோடு போனால் அடுத்த வேலி. 2014-இல் உசிலம்பட்டிப் பக்கத்து விமலாதேவி, தலித் இளைஞர் ஒருவரை மணந்த சில மாதங்களில் இறந்துபோனார். 2016 மார்ச் 13-இல் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள், கௌசல்யா வெட்டுக்காயங்களோடு பிழைத்தார். அடுத்த மாதமே, ஏப்ரல் 13-இல், விமலாதேவியின் கணவர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் மாவட்டந்தோறும் சாதி மறுப்பு இணையர்களைக் காக்கச் சிறப்புப் பிரிவு அமைக்கச் சொன்னது. உங்கள் மாவட்டத்தில் அது எந்தக் கட்டடத்தில், எந்த எண்ணில் இயங்குகிறது என்று தெரியுமா? இதைப் படிக்கிற ஒவ்வொருவரும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். கேட்பதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, பத்து ரூபாய்தான்.

எந்த மாட்டுக்காரனும் வேலி தாண்டிய பசுவைக் கொல்வதில்லை. ஓட்டிக்கொண்டு வந்து கட்டுவான், அவ்வளவுதான். அதனால் ‘மிருகத்தனமான கொலை’ என்று எழுதும் பத்திரிகைகள் மேல் எனக்குக் கோபம் உண்டு. மிருகம் என்ன செய்தது?

பிரீடு என்று மார்தட்டும் பையனுக்கு அவன் தாத்தாவின் கதையை யாராவது சொல்லியிருக்கலாம். நம் வட்டாரத்தில் அந்தச் சொல்லால் மிகக் கடுமையாக அடிபட்டவர்களில் பிறமலைக் கள்ளர்களும் உண்டு. 1871-இல் வெள்ளைக்காரன் குற்றப் பழங்குடிகள் சட்டம் போட்டான். தச்சன் மகன் தச்சன் ஆவது போலக் குற்றமும் இந்த நாட்டில் குலத்தொழில், பிறப்பிலேயே வருகிறது என்பது அதன் அடிப்படை. இந்தத் தர்க்கத்தை அவன் கப்பலில் ஏற்றிவரவில்லை, இங்கே சாதியைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டான். ஊர் முழுவதையும் ரேகை பதியவைத்து, ஆண்களை ராத்திரி காவல் நிலையத்தில் படுக்கவைத்தார்கள். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3-இல் சுட்டுக் கொன்றார்கள். அவர்களை ‘திருத்த’ என்று தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் இருக்கின்றன. ‘நீ பிறப்பிலேயே குற்றவாளி’ என்று ஒரு அரசாங்கமே முத்திரை குத்தியபோது வலித்ததா இல்லையா? அப்படியென்றால் ‘நீ பிறப்பிலேயே தாழ்ந்தவன்’ என்று நீ இன்னொருவனிடம் சொல்வது எப்படிப் பெருமையாகும்? பெருங்காமநல்லூர் தியாகிகளுக்கு நாமும்தான் வணக்கம் செலுத்துகிறோம். அவர்கள் துப்பாக்கிக்கு முன் நின்றது பிறப்பை வைத்து மனிதனை அளக்கும் சட்டத்துக்கு எதிராக. அவர்கள் பேரனின் பனியனில் அதே அளவுகோல் அச்சடிக்கப்பட்டிருக்கிறது.

அளவுகோல் என்றதும் நினைவுக்கு வருகிறது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி போன்றவர்கள் இந்தியர்களின் மூக்கை நிஜமாகவே அளந்தார்கள். மூக்கின் அகலத்தை வைத்துச் சாதியின் உயர்வு தாழ்வைச் சொல்லிவிடலாம் என்று நம்பினார்கள். அந்த அளவுகளையே எடுத்து, 1948-இல் வெளிவந்த ‘தீண்டப்படாதோர்’ நூலில் அம்பேத்கர் திருப்பிப் போட்டார்: பிராமணரும் தீண்டப்படாதவரும் வேறு வேறு இனம் என்று உங்கள் மூக்குக் கணக்கே சொல்லவில்லையே என்று. அதற்கு முன்பே, 1936-இல் ‘சாதியை அழித்தொழித்தல்’ உரையில், சாதி இனத்தூய்மையைக் காக்கிறது என்ற வாதத்தைக் கிழித்திருந்தார். சென்னைப் பிராமணருக்கும் சென்னைப் பறையருக்கும் இனம் ஒன்றுதான் என்று பெயர் சொல்லியே எழுதினார்.

மரபணு அறிவியல் இன்று சொல்வதும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறக்குறைய 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தத் துணைக்கண்டத்து மக்கள் பரவலாகக் கலந்தார்கள். பிறகுதான் கதவு சாத்தப்பட்டது. ஒரிஜினல் பிரீடு என்று சொல்லிக்கொள்கிற எல்லோரும் கதவு சாத்துவதற்கு முன் கலந்தவர்களின் பேரப்பிள்ளைகள். கதவைச் சாத்தியதால் கிடைத்தது தூய்மை இல்லை, நோய். வைசிய சமூகத்தவர் சிலருக்கு அறுவை சிகிச்சையின்போது கொடுக்கும் ஒரு வகைத் தசைத்தளர்வு மருந்தை உடல் உடைக்க முடியாமல் போவது மயக்க மருத்துவர்கள் அறிந்த செய்தி. நூற்றாண்டுகளாக உள்ளுக்குள்ளேயே கட்டியதன் விளைவு அது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 28 விழுக்காடு பெண்கள் ரத்த உறவுக்குள் மணம் செய்துகொண்டவர்கள். முறைமாமனும் அத்தை மகனும் நம் தெருவிலும் இருக்கிறார்கள். இதில் நாம் மட்டும் யோக்கியர் என்று நான் சொல்ல வரவில்லை. நம் உட்சாதிகளுக்குள் பெண் கொடுக்காத கதையை நாமே பேசாவிட்டால் வேறு யார் பேசுவது? பள்ளர், பறையர், அருந்ததியர் என்று மூன்று தெருவும் மூன்று வேலியாக இருக்கும்வரை, வாட்ஸ்அப் பையனுக்குச் சொல்லும் பதிலை நம் அப்பா அம்மாவிடமும் சொல்லியாக வேண்டும்.

கடைசியாக, அரசாங்கத்தின் ஒரு சொல். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவு ‘கலப்புத் திருமண’ நிதியுதவித் திட்டம். பணமும் தாலிக்குத் தங்கமும் தருகிற நல்ல திட்டம், தகுதியுள்ளவர்கள் கட்டாயம் விண்ணப்பியுங்கள். பெயர்தான் உறுத்துகிறது. கால்நடை மருந்தகத்தில் சினை ஊசி போட்டுப் பிறக்கும் ஜெர்சிக் கன்றுக்குக் கலப்பினம் என்று பெயர். இரண்டு மனிதர்கள் கல்யாணம் செய்தால் அது எதோடு எது கலந்தது? வேறு வேறு இனமாக இருந்தால்தானே கலக்க முடியும்? சாதியை ஒழிக்கக் கொடுக்கும் பணத்தின் விண்ணப்பத்திலேயே, சாதி என்பது இனம்தான் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடவைக்கிறார்கள். சாதி மறுப்புத் திருமணம் என்று நாம் இத்தனை வருடமாகச் சொல்லிவருவது அலங்காரத்துக்கு இல்லை. மேடையில், துண்டறிக்கையில், நண்பன் கல்யாணப் பதாகையில் ‘கலப்பு’ என்று யார் எழுதினாலும் அடித்துத் திருத்துங்கள்.

தம்பி, உன் கேள்விக்கு: அந்தக் குழுவிலிருந்து வெளியேறாதே. காளைப் படத்துக்குக் கீழே ஒரே ஒரு கேள்வி போடு, “உன் காளைக்கு வேலி போட்டது யாரு?” என்று. அவன் என்ன பதில் எழுதுகிறான் என்று வரும் சனிக்கிழமை வந்து சொல். அன்றைக்கு 1916 கட்டுரையைத்தான் எடுக்கிறோம். தமிழ்ப் பிரதி நான்கு இருக்கிறது, ஆங்கிலத்தில் படிப்பவர்கள் அலைபேசியில் இறக்கிக்கொண்டு வாருங்கள். கோயில் கூட்டம் குறைந்த பிறகு, மாலை ஐந்து மணிக்கு, வழக்கமான இடத்தில். தங்கைகளையும் கூட்டி வாருங்கள். போன முறை ஒருவர்கூட வரவில்லை.

ஜெய்பீம்.